நிறுத்தக் கூடாத ஆறு சிலிண்டர் வண்டி

கோயமுத்தூர் கணபதியில் மூடிப்போன மில்லுக்குப் பின்னால் ஓடும் லேத்துச் சந்தில், வெள்ளிங்கிரியின் இதயம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலம் பிறந்து ஐந்தாவது நிமிஷத்தில் நின்றுபோனது. அந்நேரம் அவர் தன் பழைய ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் தூக்கிவைத்து, ஓடிக்கொண்டிருந்த என்ஜினுக்குள் பாதி உடம்பை விட்டுக் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார். இதயம் நின்றது, என்ஜின் நிற்கவில்லை, ஆகவே அவர் பாட்டுக்கு வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் பார்த்து, "வசந்தாமணி, ஒரு டீ போடு புள்ள" என்றார்.

டீயைக் குடித்தார், பேப்பர் படித்தார், எதிர்ப் பட்டறை அமான் பாயோடு அரசியல் பேசினார். வெள்ளிக்கிழமைகளில் வண்டியை ஒரு பொழுது சும்மா ஓடவிடுவது அவர் வழக்கம் என்பதால் அது வாசலில் உறுமிக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்குப் பெட்ரோல் தீர்ந்து என்ஜின் இருமி நின்றது, சோற்றில் குழம்பு பிசைந்துகொண்டிருந்த வெள்ளிங்கிரி தட்டின் மேலேயே கவிழ்ந்தார். அடுத்த வீதி டாக்டரம்மா ஓடிவந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள், அமான் பாய்க்கு மட்டும் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மெக்கானிக்கின் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவர் போய் வண்டியில் இரண்டு லிட்டர் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்தார், வெள்ளிங்கிரி தட்டிலிருந்து முகத்தை எடுத்து, மூக்கில் ஒட்டிய பருக்கையைத் தட்டிவிட்டு, "ரசம் ஊத்து" என்றார்.

டாக்டரம்மா நிதானமானவர். மறுபடியும் வெள்ளிங்கிரியின் நெஞ்சில் குழாயை வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் வண்டியின் என்ஜினில் குழாயை வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார், மருந்துச் சீட்டில் பெட்ரோல் என்றும் மாதம் ஒருமுறை ஆயில் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வசந்தாமணியிடம் கொடுத்தார். போகும்போது அவளைக் கதவுக்குப் பின்னால் இழுத்து, "அவர் காதில் போட்டுவிடாதீங்கம்மா, மனசு விட்டுருவார்" என்றார்.

டாக்டரம்மா சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. அந்தச் சந்தில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் நோயாளியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். புற்றுநோய் வந்தவரிடம் வாய்வு என்பார்கள், சிறுநீரகம் போனவரிடம் சூடு என்பார்கள், நோயாளியும் மோரைக் குடித்துக்கொண்டே செத்துப்போவார். அது அன்பினால் செய்வது, அதைக் குறை சொல்ல இந்த ஊரில் யாருக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனால் வாய்வென்று சொல்லி ஒரு காரை இரவு பகலாக ஓடவிட முடியாதே. அதற்காக லேத்துச் சந்து கூடி ஒரு பொய்யை வார்த்தெடுத்தது. சீமையில் ஒரு கிளப் இருக்கிறது, பழைய வண்டியின் என்ஜினை நிறுத்தாமல் யார் அதிக நாள் ஓடவிடுகிறார்கள் என்று உலகம் முழுக்கப் போட்டி வைத்திருக்கிறது, வெள்ளிங்கிரியின் பேரை அமான் பாய் பதிந்துவிட்டார். அச்சாபீஸ்காரர் இங்கிலீஷில் படிவம் அடித்துக் கொடுத்தார். ரேஷன் கடையில் எடைபோடும் மருதாசலம் வாரம் ஒரு நாள் பேண்ட் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து, கிளப்பின் கோயமுத்தூர்ப் பிரதிநிதியாக நின்று, என்ஜினைப் பார்த்துத் தலையாட்டி, படிவத்தில் கிறுக்கிவிட்டுப் போனான். வெள்ளிங்கிரி அவனிடம் தான் பல வருஷமாக அரிசி வாங்கியதை மறந்து, சார் போட்டுப் பேசினார். மனிதனுக்குப் பெருமை வந்தால் கண் மங்கிவிடும்.

மற்றபடி சந்து அந்த அதிசயத்தைத் தண்ணீர் வராத நாளைப் பழகிக்கொள்வதுபோலப் பழகிக்கொண்டது. லேத்துக்காரர்கள் ஷிப்டு போட்டுக்கொண்டு வண்டிக்குக் காவலிருந்தார்கள். என்ஜின் சத்தம் அமுங்காதபடி மாரியம்மன் கோயில் கமிட்டி ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பியது. விளக்குக்கு எண்ணெய் நேர்ந்துகொண்டவர்கள் அரை லிட்டர் பெட்ரோலைப் பாட்டிலில் கொண்டுவந்து வண்டிக்கு ஊற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். புகையில் துணியெல்லாம் கறுத்தது, பெண்கள் முணுமுணுக்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்தில் போய்க் காயப்போட்டார்கள். சின்னம்மணி என்பவள் தன் மாமியார் கண்ணை மூடியதும் ஓடிப்போய் கிரைண்டரைப் போட்டுப் பார்த்தாள், மாமியார் எழவில்லை. கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று நான்கு பேர் சொன்னார்கள்.

வெள்ளிங்கிரி சந்து முனை டீக்கடை வரை நடப்பார். அதற்கு மேல் போனால் என்ஜின் சத்தம் தேய்ந்து அவருக்கு மூச்சு வாங்கும், வயசாயிருச்சு என்று திரும்பிவிடுவார். வசந்தாமணி அந்த நாட்களில் தூங்கியதாக யாரும் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருஷமாக அந்த வண்டியைச் சக்களத்தி என்று திட்டியவள், ஹாரனுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவள், இப்போது சட்டியில் கடுகு வெடிக்கும்போதுகூட ஒரு காதை வாசலில் வைத்திருந்தாள். சத்தம் லேசாக இறங்கினால் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவருவாள். அவள் அம்மனிடம் எதையும் கேட்கவில்லை, கேட்டால் அம்மனுக்கு நினைவு வந்து அவரைக் கூப்பிட்டுக்கொள்வாளோ என்று பயந்தாள்.

நாற்பதாம் நாள் பெட்ரோல் பம்ப் பழுதானது. மூன்று மணி நேரம் வண்டி நின்றது, வெள்ளிங்கிரி கட்டிலில் கிடந்தார். அமான் பாய் அவசரத்துக்கு ஒரு புது மின்சாரப் பம்பை வாங்கி மாட்டினார். வண்டி கிளம்பியதும் வெள்ளிங்கிரி எழுந்து உட்கார்ந்தார், முன்னைவிடத் தெம்பாக, கன்னத்தில் ரத்தம் ஏறி, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். வசந்தாமணி டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நன்றிங்க. நீங்களும் உக்காருங்க" என்றார்.

நான்கு நாள் அப்படித்தான் இருந்தார். மரியாதையான மனுஷர். அவள் சமையலைப் பாராட்டினார், அவள் ஊர் எது என்று விசாரித்தார். அமான் பாய் பழைய பம்பைப் பிரித்து, உள்ளே கிழிந்திருந்த தோலை மாற்றி, வண்டியை நிறுத்தி அதையே திரும்ப மாட்டினார். வண்டி கிளம்பியது, கண்ணைத் திறந்த வெள்ளிங்கிரி, "ஏம்புள்ள, எப்பப் பாரு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டே இருப்பியா?" என்றார். வசந்தாமணி சமையலறைக்குள் போய்ப் பருப்பு டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எண்பதாம் நாளுக்குப் பிறகு என்ஜினுக்குள் ஒரு தட்டல் கேட்க ஆரம்பித்தது. ஆயில் அழுத்தம் காட்டும் முள் இறங்கியது. முதலில் அமான் பாய்க்குக் கேட்டது, பிறகு லேத்துக்காரர்களுக்கு, பிறகு சந்துக்கே கேட்டது. அமான் பாய் ஒரு காலை வசந்தாமணியைத் தன் பட்டறைக்குக் கூப்பிட்டு, துணியில் ஆயிலைத் தொட்டுக் காட்டினார். அதில் பொடிப்பொடியாக மினுங்கியது.

"பேரிங் உதிர்ந்து வருதுங்க அக்கா. பத்து நாள் தாக்குப் பிடிச்சாப் பெரிசு. அதுக்கு மேல ஓட்டினா உள்ள ஒடைஞ்சு என்ஜினே வெடிச்சுரும். அப்பறம் கழட்டறதுக்கும் ஒண்ணுமிருக்காதுங்க."

"சரி பண்ண எத்தன நாளாகுமுங்க பாய்?"

"முழுசாப் பிரிச்சு, இருந்தது இருந்த மாதிரி செய்யோணும்னா பத்தொம்பது நாளுங்க."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். பத்தொன்பது நாள் என்றால் பத்தொன்பது நாளும் வண்டி நிற்கும்.

மகள் தாரணி சென்னையில் கார் கம்பெனியில் என்ஜின் பிரிவில் வேலை செய்கிறவள். செய்தி கேட்டு முதல் ரயிலில் வந்தாள், வரும்போதே கணக்குப் பார்த்துவிட்டு வந்தாள். விபத்தில் நொறுங்கிய ஒரு புதுக் காரின் ஆறு சிலிண்டர் என்ஜின் அவள் நண்பர்களிடம் இருந்தது, கம்ப்யூட்டர் வைத்தது, வருஷக்கணக்கில் திறந்தே பார்க்க வேண்டாம். பழையதைத் தூக்கிவிட்டு அதை இறக்க ஆறு மணி நேரம் போதும்.

"ஆறு மணி நேரம்மா. மத்தியானம் நிறுத்துனா பொழுது சாய எந்திரிச்சுருவாரு. பாய் மாமா சொல்றத நம்பி அப்பாவப் பத்தொம்பது நாள் போட்டு வெப்பியா?"

"கால் மணி நேரம் நின்னாலும் எந்திரிச்சாரு, மூணு மணி நேரம் நின்னாலும் எந்திரிச்சாரு, பழைய பம்பத் திரும்ப மாட்டுனதும் அதே ஆளா எந்திரிச்சாரு," என்றார் அமான் பாய். "நாள் கூடறதுல ஒண்ணுமில்ல சாமி. சாமானம் மாறினாத்தான் ஆளு மாறுது. ஒரு பம்ப மாத்துனதுக்கே உங்கம்மாவ ஆருன்னு கேட்டாரு. என்ஜினையே மாத்துனா?"

"கேட்டாக் கேக்கட்டும். என்னையும்தான் ஆருன்னு கேப்பாரு, நான் தாரணின்னு சொல்லிக்கறேன். ஆளு உசுரோட இருந்தாப் போதும்மா. உன்னைய நீங்கன்னு கூப்பிட்டா என்ன, குறைஞ்சா போயிருவே?"

மகள் சொன்னது நியாயம் என்று வசந்தாமணிக்குத் தெரிந்தது. ஆளே இல்லாமல் போவதற்கு அன்னியனாக இருப்பது மேல் என்று புத்தி சொன்னது. ஆனால் அந்த நான்கு நாட்களில் மாடிப்படியைத் தாண்டித் தாண்டி ஏறிய அந்த மரியாதைக்காரரைப் பார்க்கும்போதெல்லாம், இவர் இங்கே இருக்கிறார், அவர் எங்கே போயிருக்கிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சந்து இரண்டாகப் பிரிந்தது. கம்ப்யூட்டர் லேத்து வைத்திருப்பவர்கள் புது என்ஜின் பக்கம், கை லேத்துக்காரர்கள் பழையதின் பக்கம். டீக்கடையில் கிளாஸ் பறந்தது. ஆளாளுக்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள், வெள்ளிங்கிரியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை, கேட்கலாம் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

வசந்தாமணி சுற்றிவளைத்துக் கேட்டாள். மொச்சை உரித்துக்கொண்டே, அவர் வண்டியருகே முக்காலியில் உட்கார்ந்து மட்கார்டில் கையை வைத்திருந்த ஒரு காலையில், "ஏனுங்க, இந்த வண்டிக்குப் புது என்ஜின் போட்டா என்னுங்க?" என்றாள்.

"போட்டா நல்லா ஓடும். இதவிட வேகமா ஓடும்."

"அப்பறம் போட்டர்லாமுங்களா?"

"ஓடும் புள்ள, ஆனா அது இந்த வண்டியா இருக்காது. மேல்தோல் இது, உள்ள வேற ஆரோ." அவர் தட்டலைக் கேட்டு முகம் சுளித்தார். "போட்டி கெடக்குது, இதுக்கு மேல இத ஓட்டறது பாவம். தட்டறது கேக்குதா? நிறுத்திப் போடலாம். பிரிச்சு, கழுவி, நெதானமா, எத்தன நாளானாலும் ஆகட்டும், பழையபடியே பண்ணிக் கொண்டாந்தர்லாம்."

"அத்தன நாள் நிறுத்தி வெச்சா மறுபடி கெளம்புமுங்களா?"

"ஏன் கெளம்பாம? நானும் பாயும் இருக்கறமில்ல," என்றார் வெள்ளிங்கிரி.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். உரித்த மொச்சை முறத்தில் பாதி இருந்தது, சந்தில் ஆளில்லை, அவர் முகம் தெளிவாக இருந்தது. நிற்கப்போவது நீங்கள், சொல்லுங்கள், ஆறு மணி நேரமா பத்தொன்பது நாளா என்று கேட்டிருக்கலாம். நாக்கின் நுனி வரை வந்தது. மனசு விட்டுருவார் என்ற பயத்தில் அவள் அதை விழுங்கிவிட்டு, "சரிங்க, பழையபடியே பண்ணீரலாம்" என்றாள்.

புதன்கிழமை காலை நல்ல நேரம் பார்த்தார்கள். போட்டி முடிந்தது, தொண்ணூற்று மூன்று நாள், உலகத்திலேயே முதலிடம் என்று மருதாசலம் படிவத்தைப் படித்தான். சந்தே வாசலில் நின்று கைதட்டியது. மருதாசலம் வண்டிக்கு ஒன்றும் வெள்ளிங்கிரிக்கு ஒன்றுமாக இரண்டு மாலை வாங்கி வந்திருந்தான், புத்திகெட்டவன். அவன் கையைத் தூக்குவதற்குள் வசந்தாமணி இரண்டாவது மாலையைப் பிடுங்கி அதையும் வண்டிக்கே போட்டாள். சாவியைத் தானே திருப்புவதென்று அவள் முடிவுசெய்திருந்தாள், இந்தப் பாவத்தை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாதென்று. கதவைத் திறந்து உட்காரப் போனவளை வெள்ளிங்கிரி சிரித்துக்கொண்டே விலக்கினார்.

"நீ எதுக்கு, தள்ளு, நானே நிறுத்தறேன்." சீட்டில் உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைத் தடவினார். "பாய், நாளைக்குக் காத்தால ஏழு மணிக்கெல்லாம் வந்துரு. ரெண்டு பேருமாச் சேந்து ஹெட்டக் கழட்டீரலாம்."

"வந்தர்றனுங்க அண்ணா," என்றார் அமான் பாய்.

வெள்ளிங்கிரி சாவியைத் திருப்பினார். தொண்ணூற்று மூன்றாம் நாள் சந்தில் சத்தம் நின்றது, குருவி கத்துவது கேட்டது, அவர் நெற்றி மெதுவாக ஸ்டியரிங்கில் சாய்ந்தது.

முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். முகத்தை மூடவில்லை. உடம்பு கெடவில்லை, பெட்ரோல் வாசம் மட்டும் லேசாக வந்தது. சந்தில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள், ஆகவே இங்கே யாரும் சாகவில்லை என்று காட்டுவதற்காக எல்லா வீட்டிலும் பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று வேளை சமைத்தார்கள், வாசம் வெளியே போகட்டும் என்று சன்னலைத் திறந்துவைத்து வெங்காயம் தாளித்தார்கள். ஒரு கல்யாண ஊர்வலத்தை வழிமாற்றி மேளத்தோடு சந்து வழியே அழைத்து வந்தார்கள். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கோடித் துணியோடு வந்த உறவினர்களை டீக்கடைக்காரர் முனையிலேயே மறித்து, "தப்பாக் கேள்விப்பட்டீங்க, வண்டிதான் ரிப்பேருங்க" என்று டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், அந்தச் சந்து தன் வாயைத் தானே மூடிக்கொண்டிருந்தது.

வேலையை லேத்துக்காரர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள், புது என்ஜின் பக்கம் பேசியவர்களும் வந்தார்கள். கோயமுத்தூர்க்காரனிடம் எதைக் கொடுத்தாலும் வாங்கின மாதிரி திருப்பிக் கொடுக்க மாட்டான், இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட்டிக் காட்டுகிறேன் என்று கை வைப்பான். அதனால் அமான் பாய் ஒவ்வொரு பட்டறையாகப் போய், வண்டி பிறந்த ஊர்ப் புத்தகத்தை விரித்துக் காட்டி, இந்த அளவுக்கு ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது, உங்கள் சாமர்த்தியத்தையெல்லாம் வேறு வண்டியில் காட்டுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்களும் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கள் சாமர்த்தியத்தை அடக்கிக்கொண்டு, இருந்ததை இருந்தபடியே செய்தார்கள்.

வசந்தாமணி கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். குங்குமத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டாள். இரவும் பகலும் ஒரே நினைப்பு அவளை அரித்தது. அவரிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் ஆறு மணி நேரம் போதும் என்றிருப்பார். உயிர் ஆசை யாருக்கு இல்லை? வண்டிக்கென்று கேட்டு வாங்கிய பதிலைக் கொண்டுபோய் மனுஷனுக்கு வைத்துவிட்டோமே, பாவி, பாவி என்று தன் மார்பில் தானே அடித்துக்கொண்டாள். தாரணி அம்மாவோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்டாள், எட்டாம் நாள் தாடிமயிர் வளராததைக் கவனித்து அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அமான் பாய் பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. தட்டல் இல்லை, புகை இல்லை, ஆயில் முள் நிமிர்ந்து நின்றது, ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சாக ஓடியது. கை லேத்துக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் முன்னறைச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வசந்தாமணி அவர் நெஞ்சில் கை வைத்திருந்தாள். "ஏனுங்க," என்றாள். "ஏனுங்க, வண்டி கெளம்பிருச்சுங்க." ஒன்பதரை ஆனது. நாள் கூடியதால் எழுந்திருக்க நேரமாகும் என்றார் டீக்கடைக்காரர், பத்தொன்பது நாள் தூங்கினால் யாருக்கும் அப்படித்தான் என்றார்கள். பத்தரை ஆனது. பெட்ரோல் ஊற்றினார்கள். டாக்டரம்மா வந்து என்ஜினில் குழாயை வைத்துக் கேட்டு, அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போகாமல் நின்றார். பன்னிரண்டு ஆனது. மறுபடி பெட்ரோல் ஊற்றினார்கள். உள்ளே வசந்தாமணி ஏனுங்க, ஏனுங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், அவள் குரலும் என்ஜின் குரலும் ஒன்றோடொன்று கலந்து கேட்டன.

ஒரு மணிக்கு அவள் வெளியே வந்தாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். வண்டியருகே போய், பானெட்டின் மேல் குனிந்து, ஒரு பக்கக் காதைச் சாய்த்துக் கேட்டாள், வெகு நேரம் கேட்டாள்.

"மூணாவது சிலிண்டர்ல ஒரு சத்தம் வருதுங்க பாய்," என்றாள்.

அமான் பாய் குனிந்து காது கொடுத்தார். நாற்பது வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமாக ஓடும் என்ஜினை அவர் கேட்டதில்லை. நிமிர்ந்து தாரணியைப் பார்த்தார். அவள் வாசற்படியில் நின்று கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டு, "ஆமாம்மா, எனக்கும் கேக்குது" என்றாள்.

"இருக்குதுங்க அக்கா," என்றார் அமான் பாய். "கொஞ்சம் இருக்கத்தாஞ் செய்யுது."

"மறுக்காக் கழட்டுங்க. எத்தன நாளாகுமுங்க?"

"பத்தொம்பது நாளுங்க."

"ஆகட்டுங்க. இந்தவாட்டி அவசரப்படாமப் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அமான் பாய் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினார். பிறகு ஸ்பேனரை எடுத்து, காலையில் தன் கையாலேயே முறுக்கிய முதல் நட்டைத் தளர்த்தத் தொடங்கினார்.